ஒட்டாத காந்தத்தால் என்ன பயன்? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கேள்விகளில் எதிர் ஃபெர்ரோ காந்தப் பொருள்களைப் பற்றியவற்றை மட்டும் தனியாக எடுத்து வைத்தேன். கேட்டவர்களில் பெரும்பாலோர் கல்லூரிப் பக்கம், நடுவில் ஒரு பாத்திரக் கடைக்காரரும் இருக்கிறார்.

கேள்வி: எங்கள் புத்தகத்தில் இதற்கு ஒரே ஒரு பத்திதான். பக்கத்துப் பக்கத்து அணுக்களின் காந்தத் திருப்புத்திறன்கள் எதிரெதிர்த் திசையில் இருக்கும், மொத்தம் சுழி, உதாரணம் மாங்கனீசு ஆக்சைடு. மொத்தம் சுழி என்றால் காந்தமே இல்லாத பொருளுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இருக்கிறது என்று எப்படித்தான் கண்டுபிடித்தார்கள்?
– பி.எஸ்சி. இயற்பியல் மாணவி, திருச்சி

கயிறு இழுக்கும் போட்டியில் இரண்டு பக்கமும் சம பலம் என்றால் கயிறு நகராது. தூரத்தில் நிற்பவருக்கு எல்லோரும் சும்மா நிற்கிற மாதிரிதான் தெரியும், கயிற்றில் எவ்வளவு இழுவிசை இருக்கிறது என்பது பிடித்திருக்கிறவருக்குத்தான் தெரியும். இங்கேயும் அப்படித்தான். பக்கத்து அணுவை எதிர்த்திசையில் நிறுத்தி வைக்கிற அந்த விளைவை ஒரு காந்தப்புலமாகக் கணக்குப் போட்டால் பல பத்து டெஸ்லா (காந்தப்புலத்தின் அலகு), சில பொருள்களில் நூற்றுக்கணக்கான டெஸ்லா வருகிறது. ஆஸ்பத்திரி எம்.ஆர்.ஐ. ஸ்கேன் பொதுவாக 1.5 அல்லது 3 டெஸ்லா, அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இந்தக் கருத்தை 1930-களில் முன்வைத்தவர் பிரெஞ்சு இயற்பியலாளர் லூயி நீல். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வெப்பநிலை உண்டு, அதற்கு மேலே போனால் இந்த எதிரெதிர் ஒழுங்கு குலைந்துவிடும். அதற்கு நீல் வெப்பநிலை என்று அவர் பெயரே நிலைத்துவிட்டது. மாங்கனீசு ஆக்சைடுக்கு அது சுமார் 118 கெல்வின், அதாவது பூஜ்ஜியத்துக்குக் கீழே 155 டிகிரி. அந்த இடத்தில் காந்த ஏற்புத்திறன், அதாவது வெளிப்புலத்துக்குப் பொருள் எவ்வளவு இசைகிறது என்ற அளவின் வரைபடம் உச்சிக்குப் போய்த் திரும்பும், ஆனால் அது மறைமுகச் சாட்சிதான். நேரடிச் சாட்சி 1949-ல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் கிடைத்தது. கிளிஃபர்ட் ஷல்லும் சாமுவேல் ஸ்மார்ட்டும் குளிரூட்டிய மாங்கனீசு ஆக்சைடு மேல் நியூட்ரான்களைச் செலுத்தினார்கள். நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லை, ஆனால் அதுவே ஒரு குட்டிக் காந்தம், அதனால் அணு எங்கே இருக்கிறது என்பதோடு அதன் ஸ்பின், அதாவது அணுவின் காந்த அம்பு, எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும் உணரும். எக்ஸ் கதிரில் தெரியாத புதிய சிதறல் உச்சிகள் வந்தன, அவை படிகத்தில் அதே அமைப்பு திரும்ப வருகிற நீளம் இரண்டு மடங்கானால் எங்கே வருமோ சரியாக அங்கே வந்தன. மேல், கீழ், மேல், கீழ் என்று அடுக்கினால் அதே அமைப்பு திரும்ப வருவதற்கு இரண்டு மடங்கு தூரம் போகத்தானே வேண்டும்! ஷல்லுக்கு இந்த நியூட்ரான் முறைக்காக 1994-ல் நோபல் கிடைத்தது.

நீலுக்கு 1970-லேயே கிடைத்துவிட்டது. அந்த நோபல் உரையில்தான் அவர், இந்தப் பொருள்கள் கோட்பாட்டு அளவில் ரொம்பச் சுவையானவை, ஆனால் பயன்பாடு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை என்ற பொருளில் சொன்னார். இந்தத் துறைக்காரர்கள் மேடையேறினால் அதைச் சொல்லிச் சிரிக்காமல் பேச்சைத் தொடங்குவதில்லை. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. இந்த ஒழுங்கை எழுதவும் படிக்கவும் 1970-ல் யாரிடமும் கருவி இல்லை, அப்புறம் பயன் எங்கிருந்து தெரியும்?

கேள்வி: எவர்சில்வரில் இரும்பு இருக்கிறது, ஆனால் நல்ல பாத்திரத்தில் காந்தம் ஒட்டாது. இதுதான் காரணமா?
– பாத்திரக் கடை உரிமையாளர், சேலம்

இல்லை. 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் சேர்ந்த 304 தர எஃகில் படிக அமைப்பே மாறிவிடுகிறது, அறை வெப்பநிலையில் ஸ்பின்கள் எந்த ஒழுங்கும் இல்லாமல் கிடக்கின்றன, அது வெறும் பாரா காந்தம். சுமார் மைனஸ் 230 டிகிரிக்கு இறக்கினால் எதிரெதிர் ஒழுங்கு வரும், ஆனால் அந்தக் குளிரில் யாரும் சாம்பார் வைப்பதில்லை. நிஜமான எதிர் ஃபெர்ரோ காந்தம் உங்கள் கடையிலேயே வேண்டும் என்றால் கூரையில் வழிகிற துருவைப் பாருங்கள், அதிலுள்ள கோயதைட் அந்த வகை. சிவப்புக் காவியில் இருக்கிற ஹெமடைட்டும் அதுதான், ஸ்பின்கள் ஒரு துளி சாய்ந்து நிற்பதால் அதில் கொஞ்சம் காந்தம் மிஞ்சுகிறது. அப்புறம் இன்னொன்று, காந்தம் ஒட்டவில்லை என்பதை வைத்து மட்டும் நல்ல சரக்கு என்று முடிவுசெய்யாதீர்கள், நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த மலிவான 200 வரிசை எஃகிலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது.

கேள்வி: வெளிக் காந்தப்புலம் இதை அசைக்காது என்பதைப் பெரிய நன்மையாகச் சொல்கிறார்கள். அசைக்கவே முடியாத ஒன்றை நினைவகச் சிப்பாக்கி, அதில் 0, 1 என்று தகவலை எப்படி எழுதுவது?
– எலக்ட்ரானிக்ஸ் பொறியாளர், கோயம்புத்தூர்

அசைக்கவே முடியாது என்றில்லை. மாங்கனீசு ஃபுளோரைடை நன்றாகக் குளிர வைத்து, ஸ்பின் அச்சுக்கு இணையாக 9 டெஸ்லாவுக்குக் கொஞ்சம் மேலே புலம் கொடுத்தால் ஸ்பின்கள் சட்டென்று 90 டிகிரி திரும்பிப் புலத்துக்குக் குறுக்கே நின்றுவிடும். இதற்கு ஸ்பின் ஃப்ளாப் என்று பெயர். ஆனால் 9 டெஸ்லாவுக்கு மீக்கடத்திக் காந்தமும் திரவ ஹீலியமும் வேண்டும், அதைச் சிப்புக்குள் வைக்க முடியாது.

சிக்கல் என்னவென்றால், வெளியிலிருந்து வரும் புலம் எல்லா அணுவையும் ஒரே பக்கம் தள்ளுகிறது. மேலே பார்ப்பவனையும் கீழே பார்ப்பவனையும் ஒரே பக்கம் தள்ளினால் ஒன்றும் நடக்காது. தேவைப்படுவது ஒரு அணுவில் ஒரு திசை, அடுத்த அணுவில் நேர் எதிர்த் திசை என்று மாறிமாறி இருக்கிற புலம். ஒரு நானோமீட்டரில் பாதிகூட இல்லாத தூரத்தில் திசை மாறுகிற புலத்தை எந்தக் கம்பிச்சுருளாலும் உண்டாக்க முடியாது, ஆக அந்தப் புலத்தைப் படிகமே உண்டாக்கித் தர வேண்டும். 2014-ல் ப்ராக் நகரக் குழுவினர் முன்வைத்த கோட்பாடு சொன்னது இதைத்தான்.

சில படிகங்களில் மொத்த அமைப்புக்கு ஒரு சமச்சீர் மையம் உண்டு, ஆனால் காந்த அணு உட்கார்ந்திருக்கிற தனித்தனி இடங்களுக்கு அது இல்லை. மேல் ஸ்பின் இடத்தைத் தலைகீழாகத் திருப்பினால் கீழ் ஸ்பின் இடம் கிடைக்கும். அப்படிப்பட்ட உலோகத்தில் மின்னோட்டம் விட்டால் ஓடுகிற எலக்ட்ரான்களின் ஸ்பின் முதல் இடத்தில் ஒரு பக்கம் சாய்கிறது, இரண்டாவது இடத்தில் எதிர்ப்பக்கம் சாய்கிறது. கேட்ட புலம் கிடைத்துவிட்டது! 2016-ல் நாட்டிங்ஹாம் – ப்ராக் குழு காப்பர் மாங்கனீசு ஆர்சனைடு படலத்தில் இதைச் செய்து காட்டியது: ஒரு திசையில் மின் துடிப்பு கொடுத்தால் ஸ்பின் அச்சு அதற்குக் குறுக்கே திரும்புகிறது, செங்குத்தான திசையில் கொடுத்தால் பழையபடி வருகிறது, எல்லாம் அறை வெப்பநிலையில். ஆர்செனிக் வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு அதே குணமுள்ள மாங்கனீசு – தங்கம் கலவை இருக்கிறது. தங்கம் விற்கிற விலைக்குப் பயப்பட வேண்டாம், படலம் சில பத்து நானோமீட்டர்தான்.

என் ஓட்டு மின்னோட்டத்துக்கு இல்லை, மின்னழுத்தத்துக்கு. மின்னோட்டம் என்றாலே சூடு, ஒரு சதுர சென்டிமீட்டருக்குப் பத்து லட்சக்கணக்கான ஆம்பியர் என்ற அடர்த்தியில் விட வேண்டியிருக்கிறது. மின்காப்புப் பொருளில் மின்புலம் மட்டும் கொடுத்துக் காந்த ஒழுங்கைத் திருப்ப முடிந்தால் அந்தச் செலவு பெருமளவு மிச்சம். இது பழைய கதை. பச்சை நிறமியாகப் பெயின்டில் கலக்கிற குரோமியம் ஆக்சைடில் மின்புலம் கொடுத்தால் காந்தம் தலைகாட்டும் என்று 1959-ல் ஜியாலோஷின்ஸ்கி கணித்தார், அடுத்த ஆண்டே அஸ்த்ரோவ் அளந்து காட்டினார், இருவரும் சோவியத்காரர்கள். அரை நூற்றாண்டு கழித்து 2010-ல் நெப்ராஸ்கா குழு அதே பொருளின் மேல் ஒரு ஃபெர்ரோ காந்தப் (இரும்பு மாதிரி எல்லா ஸ்பினும் ஒரே பக்கம் பார்க்கிற சாதாரணக் காந்தம்) படலத்தைப் போட்டு, நிலையான காந்தப்புலம் ஒன்று இருக்கும்போது மின்னழுத்தத்தின் குறியை மாற்றினாலே மேலடுக்கின் சார்பு, அதாவது அடியிலுள்ள பொருள் அதை எந்தப் பக்கம் பிடித்து வைக்கிறது என்பது, இடவலம் மாறுவதை அறை வெப்பநிலையில் காட்டியது. குறை என்னவென்றால் குரோமியம் ஆக்சைடின் நீல் வெப்பநிலை 34 டிகிரிதான், சென்னை வெயிலில் பகலிலேயே ஒழுங்கு போய்விடும். போரான் கலந்து அதை 400 கெல்வின் பக்கம் ஏற்றியிருக்கிறார்கள்.

பிஸ்மத் ஃபெரைடுக்கு அந்தக் கவலையே இல்லை, அதற்கு 370 டிகிரி. அது ஒரே நேரத்தில் எதிர் ஃபெர்ரோ காந்தமும் ஃபெர்ரோ மின் பொருளும் (வெளி மின்புலம் இல்லாமலே மின்முனைவு கொண்டது) கூட, இரண்டும் கைகோத்திருப்பதால் மின்னழுத்தத்தால் மின்முனைவைத் திருப்பும்போது ஸ்பின் தளமும் கூடவே திரும்புகிறது. 2003-ல் இதன் மெல்லிய படலங்களைக் கொண்டு இந்தத் துறைக்கே மறுபடி உயிர் கொடுத்ததும், 2006-ல் இந்தத் திருப்பத்தைப் படம்பிடித்துக் காட்டியதும் இந்தியாவில் பிறந்த ராமமூர்த்தி ரமேஷின் குழு. படிகத்தை அழுத்தியும் நீட்டியும் திருப்புகிற வழியும் உண்டு, அதற்குள் இப்போது போகவில்லை.

கேள்வி: இது எல்லாம் ஆய்வுக்கூடத்தோடு சரியா, நாம் வாங்குகிற எதிலாவது இருக்கிறதா?
– வங்கி ஊழியர், மதுரை

கடந்த 25 ஆண்டுகளில் ஹார்ட் டிஸ்க் உள்ள கம்ப்யூட்டர் வாங்கியிருந்தால் நீங்கள் ஏற்கெனவே காசு கொடுத்துவிட்டீர்கள். படிக்கும் தலையில் இரண்டு காந்த அடுக்குகள் வேண்டும், ஒன்று வட்டின் புலத்துக்கு ஏற்பத் திரும்ப வேண்டும், மற்றது ஒரே திசையில் அசையாமல் நிற்க வேண்டும். நிற்க வேண்டியதை ஒரு எதிர் ஃபெர்ரோ காந்தப் படலத்தின் மேல் உட்கார வைத்துவிடுவார்கள், இரிடியம் – மாங்கனீசு அல்லது பிளாட்டினம் – மாங்கனீசு. இந்தப் பிடிப்பு விளைவை 1956-ல் மெய்க்கிள்ஜானும் பீனும் ஆக்சைடு பூசிய கோபால்ட் துகள்களில் கண்டார்கள், 1997-ல் ஐ.பி.எம். விற்ற ஹார்ட் டிஸ்க்கில் அது கடைக்கு வந்தது. எஸ்.எஸ்.டி.யில் இது கிடையாது. ஆனால் இது முளைக்குச்சி வேலைதான்: தகவல் அதில் இல்லை, பக்கத்து அடுக்கில் இருக்கிறது. எதிர் ஃபெர்ரோ காந்தத்திலேயே தகவலை எழுதி வைக்கிற சிப் கடைக்கு இன்னும் வரவில்லை.

கேள்வி: எழுதியாயிற்று, சரி. வெளியே காந்தமே தெரியாததைத் திரும்பப் படிப்பது எப்படி? ஒவ்வொரு முறையும் நியூட்ரான் உலைக்கு ஓட முடியுமா?
– எம்.எஸ்சி. மாணவர், திருநெல்வேலி

மின்தடையை அளந்து படிக்கிறார்கள். ஸ்பின் அச்சுக்கு இணையாக மின்னோட்டம் போகும்போது ஒரு தடை, குறுக்கே போகும்போது கொஞ்சம் வேறு தடை. கொஞ்சம் என்றால் நிஜமாகவே கொஞ்சம்: காப்பர் மாங்கனீசு ஆர்சனைடில் ஒரு சதவீதத்துக்கும் கீழே, மாங்கனீசு – தங்கத்தில் 6 சதவீதம் வரை பார்த்திருக்கிறார்கள். இன்னொரு குறையும் உண்டு, இது அச்சு எது என்று சொல்லுமே தவிர, அதில் அம்பு எந்தப் பக்கம் என்று சொல்லாது. 180 டிகிரி திருப்பினால் தடை அப்படியே இருக்கும், அதனால்தான் 90 டிகிரி திருப்பி எழுதுகிறார்கள்.

இதைவிட அழகான வழி ஹால் விளைவு. ஃபெர்ரோ காந்த உலோகத்தில் வெளிப்புலம் இல்லாமலே மின்னோட்டத்துக்குக் குறுக்கே ஒரு மின்னழுத்தம் வரும், அது காந்தமாக்கலுக்கு ஏற்பக் கூடும் என்றுதான் நூறு வருடத்துக்கு மேல் பாடம் நடத்தினோம். அந்தக் கணக்குப்படி எதிர் ஃபெர்ரோ காந்தத்தில் வரவே கூடாது. 2015-ல் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் சதோரு நாகட்சுஜி குழு மூன்று மாங்கனீசுக்கு ஒரு வெள்ளீயம் என்ற கலவையில் அளந்தபோது, அறை வெப்பநிலையிலேயே, இரும்பு மாதிரியான ஃபெர்ரோ காந்தங்களோடு ஒப்பிடத்தக்க ஹால் விளைவு வந்தது. அதில் மிஞ்சியிருக்கிற காந்தமோ இரும்பில் அணுவுக்கு இருப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான்.

காரணம் ஸ்பின் அடுக்கில் இருக்கிறது. மாங்கனீசு அணுக்கள் மூலையோடு மூலை தொடுகிற முக்கோண வலையில் உட்கார்ந்திருக்கின்றன. முக்கோணத்தில் மூன்று பேரும் ஒருவருக்கொருவர் எதிராக நிற்க முடியாது, ஆகவே 120 டிகிரிக்கு ஒன்றாகத் திரும்பிச் சமாதானம் செய்துகொள்கின்றன. கூட்டினால் கிட்டத்தட்டப் பூஜ்ஜியம், ஆனால் காலத்தைப் பின்னோக்கி ஓட்டினால் கிடைக்கிற அமைப்பு வேறு, படிகத்தை நகர்த்தி முன்னதன் மேல் பொருத்த முடியாது. ஹால் விளைவுக்கு வேண்டியது அந்தச் சமச்சீர் முறிவுதான், மொத்தக் காந்தம் அல்ல. மிஞ்சியிருக்கிற அந்தத் துளிக் காந்தத்தைப் பிடித்து இழுத்து மொத்த அமைப்பையும் சிறிய புலத்தாலேயே புரட்ட முடிகிறது, புரட்டினால் ஹால் மின்னழுத்தம் குறி மாறுகிறது. அம்பு எந்தப் பக்கம் என்பதும் தெரிந்துவிட்டது. 2020-ல் காந்தப்புலத்தை முதன்மைக் கருவியாக வைக்காமல் மின்னோட்டத்தாலேயே புரட்டிக் காட்டினார்கள். 2023-ல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக, இரு பக்கமும் எதிர் ஃபெர்ரோ காந்தமே உள்ள சுரங்கச் சந்திகளை (நடுவிலுள்ள மெல்லிய மின்காப்பை எலக்ட்ரான்கள் ஊடுருவிப் போகிற அமைப்பு) அறை வெப்பநிலையில் செய்தன, அதில் மாங்கனீசு – பிளாட்டினம் வைத்த சந்தியில் தடை வித்தியாசம் கிட்டத்தட்ட 100 சதவீதம். இந்த எண்தான் சிப் செய்பவர்களை நிமிர்ந்து உட்கார வைக்கும்.

கேள்வி: மின்னோட்டத்தால் திருப்பியதாகச் சொன்ன பலவும் வெறும் சூட்டின் விளையாட்டு என்று எங்கள் வழிகாட்டி சொல்கிறார். உண்மையா?
– ஆய்வு மாணவி, பெங்களூரு

பாதி உண்மை, உங்கள் வழிகாட்டி சந்தேகப்படுகிற ஆளாக இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். பல சோதனைகளில் எதிர் ஃபெர்ரோ காந்த மின்காப்பின் மேல் பிளாட்டினம் படலம் போட்டு, அதில் பெரிய துடிப்பு விட்டு, பிறகு சிறிய மின்னோட்டத்தால் குறுக்கு மின்னழுத்தத்தைப் படித்தார்கள். ஏறி இறங்கும் அழகான சிக்னல் வந்தது. 2019-ல் ஒரு குழு காந்த அடுக்கையே எடுத்துவிட்டு, காந்தமில்லாத அடித்தளத்தின் மேல் பிளாட்டினத்தை மட்டும் வைத்து அதே சோதனையைச் செய்தது, அதே மாதிரி சிக்னல் வந்தது. துடிப்பின் சூட்டிலும் எலக்ட்ரான்களின் மோதலிலும் உலோக அணுக்களே மூலைகளில் நகர்ந்து தடையை மாற்றியிருக்கின்றன. அந்தக் கட்டுரை இந்தத் துறைக்குச் செய்த நன்மை, வெற்றிச் செய்தி சொன்ன பல கட்டுரைகள் செய்ததைவிடப் பெரியது என்பேன்.

ஆனால் எல்லாமே பொய் என்று இதிலிருந்து வராது. காப்பர் மாங்கனீசு ஆர்சனைடில் மின்னோட்டத்துக்குப் பின் டொமைன்கள் (ஸ்பின் அச்சு ஒரே மாதிரி இருக்கிற சிறு பகுதிகள்) மாறுவதை 2017-லேயே எக்ஸ் கதிர் நுண்ணோக்கியில் படமாகப் பார்த்திருக்கிறார்கள். நீங்கள் செய்யப் போகிறீர்கள் என்றால் மின்தடை வரைபடத்தை மட்டும் நம்பாதீர்கள். காந்த அடுக்கு இல்லாத மாதிரியையும் கூடவே செய்து அளவிடுங்கள், நீல் வெப்பநிலைக்கு மேலே சிக்னல் சாகிறதா என்று பாருங்கள், பலமான புலத்தில் ஸ்பின் ஃப்ளாப் செய்து அதே அளவு தடை மாற்றம் வருகிறதா என்று ஒப்பிடுங்கள். துடிப்பைக் கூட்டக் கூட்ட நிற்காமல் ஏறிக்கொண்டே போகிற சிக்னலைக் கண்டால் முதலில் சூட்டைச் சந்தேகப்படுங்கள்.

கேள்வி: ஆல்டர் காந்தம் என்று புதிதாக ஒன்று சொல்கிறார்களே?
– ஆசிரியர், யாழ்ப்பாணம்

மொத்தம் பூஜ்ஜியம், ஆனால் மேல் ஸ்பின் அணுவையும் கீழ் ஸ்பின் அணுவையும் இணைப்பது நகர்த்தலோ தலைகீழ்த் திருப்பமோ அல்ல, சுழற்சி. அதனால் ஓடுகிற எலக்ட்ரான்களின் ஆற்றல் ஸ்பினைப் பொறுத்துப் பிரிகிறது, இது ஃபெர்ரோ காந்தத்துக்கே உரியது என்று நினைத்திருந்த குணம். 2022-ல் ஷ்மேகல், சினோவா, யுங்வர்த் மூவரும் இதைத் தனி வகையாகப் பிரித்துக் காட்டினார்கள், 2024-ல் மாங்கனீசு டெல்லூரைடில் அந்தப் பிரிவை அளந்து பார்த்தார்கள். முதலில் நட்சத்திரமாக இருந்த ருத்தேனியம் டைஆக்சைடில் காந்த ஒழுங்கே இல்லை என்று பிந்தைய சோதனைகள் சொல்கின்றன, அதில் சண்டை நடக்கிறது.

கேள்வி: பெரிய கருவி இல்லாத கல்லூரி ஆய்வகத்தில் எதிர் ஃபெர்ரோ காந்த ஒழுங்கு மின்தடையைத் தொடுவதைக் காட்ட முடியுமா?
– இயற்பியல் விரிவுரையாளர், கரூர்

முடியும், குரோமியத்தை எடுங்கள். அதன் நீல் வெப்பநிலை 311 கெல்வின், அதாவது 38 டிகிரி, வெந்நீர்ப் பாத்திரமே போதும். சூடு ஏற ஏற உலோகத்தின் தடை ஏறும், ஆனால் குரோமியத்தில் 38 டிகிரியை நெருங்கும்போது வரைபடம் ஒரு சிறு பள்ளம் விழுந்து அப்புறம் ஏறும். ஒழுங்கு இருக்கிற வரை எலக்ட்ரான்களில் ஒரு பகுதி அதில் சிக்கிக் கடத்தலுக்குக் கிடைப்பதில்லை, ஒழுங்கு குலைந்ததும் அவை விடுபடுகின்றன.

குழாயில் பூசிய குரோமியத்தை வைத்து முயலாதீர்கள், பூச்சிலுள்ள இறுக்கமும் கலப்பும் வெப்பநிலையைக் கண்டபடி நகர்த்திவிடும். மாங்கனீசு கொஞ்சம் கலந்தால் மேலே போகும், வனேடியம் கலந்தால் கீழே இறங்கும். தூய குரோமியத் துண்டு வாங்குங்கள், எளிதில் உடையும், வெட்டும்போது கவனம். நான்கு முனை முறையில் (மின்னோட்டத்துக்கு இரண்டு முனை, மின்னழுத்தத்துக்குத் தனியாக இரண்டு) அளந்து, ஒவ்வொரு வெப்பநிலையிலும் மின்னோட்டத் திசையை மாற்றி இரண்டு அளவின் சராசரியை எடுங்கள், இல்லாவிட்டால் வெப்ப மின்னழுத்தம் அந்தச் சின்னப் பள்ளத்தை விழுங்கிவிடும். 30-லிருந்து 45 டிகிரி வரை மெதுவாக ஏற்றி, அதே வேகத்தில் இறக்கியும் ஒரு முறை எடுங்கள். வரைபடம் வந்தால் அனுப்பி வையுங்கள், போடுகிறேன்.